23 வருஷம் பழைய ஓபராவுக்கு "பிரீமியர்"னு ஏன் சொன்னாங்க? ஜேக் ஹெகி கேரியரை வெச்சு ஒரு விளக்கம்

2023 செப்டம்பர் 26 அன்னிக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா (சுருக்கமா மெட்) தன்னோட புது சீசனை 'டெட் மேன் வாக்கிங்'ங்கற ஓபராவோட (வசனத்தையும் பாட்டாவே பாடற மேடை நாடகம்) தொடங்குச்சு. நியூஸ்ல எல்லாம் "மெட் பிரீமியர்"னு வந்துச்சு. அடுத்து 2025 மார்ச் 3 அன்னிக்கு அதே மேடைல 'மோபி-டிக்', அதுவும் "மெட் பிரீமியர்"தான். ரெண்டுக்கும் மியூசிக் எழுதினது ஜேக் ஹெகி. இதைப் படிச்சவங்க நிறைய பேர் யாரோ புதுசா கிளம்பி வந்த கம்போசர், ரெண்டு வருஷத்துல ரெண்டு ஓபரா எழுதித் தள்ளிட்டாருன்னு நினைச்சுக்கிட்டாங்க. ஆனா 'டெட் மேன் வாக்கிங்' முதல்ல மேடை ஏறினது 2000ல, 'மோபி-டிக்' 2010ல. 2023ல ஹெகிக்கு வயசு 62.

அப்போ இத்தனை வருஷமா அந்த ரெண்டு ஓபராவும் எங்க இருந்துச்சு? நாட்டோட பெரிய மேடை கண்டுக்காமலே ஒருத்தர் எப்படி அமெரிக்காவுல அதிகமா மேடையேறுற கம்போசர்கள்ல ஒருத்தரா ஆனாரு? இது புரியணும்னா அந்த ஊர்ல ஓபரா எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் அடிலேர்ந்து பாக்கணும்.

அடிப்படை: யார் எழுதறாங்க, யார் காசு போடறாங்க

1. கம்போசர் மியூசிக் எழுதுவார். கதை, வசனம், பாட்டு வரி எல்லாம் சேர்ந்த டெக்ஸ்டுக்கு லிப்ரெட்டோன்னு பேர், அதை எழுதறவர் லிப்ரெட்டிஸ்ட். பெரும்பாலும் இது ரெண்டு தனித்தனி ஆளு.

2. "எங்களுக்கு ஒரு ஓபரா எழுதிக் குடுங்க"ன்னு ஒரு கம்பெனி காசு குடுத்து கேக்கறதுதான் கமிஷன். கம்பெனின்னா இங்க ஓபரா நடத்தற அமைப்பு, அதாவது சான் ஃபிரான்சிஸ்கோ ஓபரா, ஹூஸ்டன் கிராண்ட் ஓபரா, டல்லாஸ் ஓபரா மாதிரி.

3. உலகத்துல முதல் தடவை மேடையேறினா வேர்ல்டு பிரீமியர். குறிப்பிட்ட ஒரு கம்பெனில முதல் தடவைன்னா அந்தக் கம்பெனியோட பிரீமியர், அவ்வளவுதான். மெட் சொன்னது இந்த ரெண்டாவது வகை. தப்பா ஒண்ணும் சொல்லல, படிக்கறவங்கதான் மொதல் வகைன்னு எடுத்துக்கிட்டாங்க.

4. ஜெர்மனில ஓபரா ஹவுஸ்களுக்கு அரசாங்கமே பெரிய அளவுல மானியம் குடுக்குது. அமெரிக்காவுல அந்த மாதிரி கிடையாது, டிக்கெட் காசும் பணக்காரங்க குடுக்கற டொனேஷனும்தான் முக்கிய வருமானம். அதனால புது ஓபரா போடறதுன்னா பயம், ஹால் காலியா இருந்தா நஷ்டம் முழுக்க கம்பெனி தலைலதான்.

இந்த பயத்தோட நேரடி விளைவு ஒண்ணு இருக்கு. ஒரு புது ஓபரா முதல் தடவை மேடையேறுறது கஷ்டம்னா, ரெண்டாவது தடவை ஏறுறது அதைவிடக் கஷ்டம். வேர்ல்டு பிரீமியர்னா பேப்பர்ல வரும், டோனருக்கும் பெருமை, எல்லா ஊர்லேர்ந்தும் விமர்சகர்கள் வந்து உக்காருவாங்க. ரெண்டாவது தடவை போடறவங்களுக்கு அந்த மரியாதை எதுவும் இல்ல, ஆனா செலவு மட்டும் இருக்கு. அதனால பிரீமியரோட முடிஞ்சு போன அமெரிக்க ஓபராக்கள் எக்கச்சக்கம். ஹெகி கேரியர்ல கவனிக்க வேண்டிய விஷயமே இந்த ரெண்டாவது, மூணாவது, ஐம்பதாவது புரொடக்‌ஷன்தான்.

பி.ஆர். ஆபீஸ்லேர்ந்து வந்த கம்போசர்

ஹெகி 1961ல ஃப்ளோரிடாவுல பிறந்தவரு. டாக்டரா இருந்த அப்பா தற்கொலை பண்ணிக்கிட்டப்ப இவர் சின்னப் பையன். டீன் ஏஜ்ல கலிஃபோர்னியாவுல எர்ன்ஸ்ட் பேக்கன்கிற கம்போசர்கிட்ட கத்துக்கிட்டாரு, அப்புறம் பாரிஸ்ல கொஞ்ச நாள், அதுக்கப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி. அங்க பியானோ டீச்சர் ஜொஹானா ஹாரிஸ், அவரைவிட கிட்டத்தட்ட அம்பது வயசு மூத்தவங்க, 1982ல ரெண்டு பேரும் கல்யாணமும் பண்ணிக்கிட்டு பியானோ ஜோடியா கச்சேரி பண்ணாங்க. எண்பதுகளோட கடைசில ஹெகியோட கை மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. ஃபோக்கல் டிஸ்டோனியான்னு ஒரு நரம்புப் பிரச்சனை, விரல் தானா மடங்கிக்கும், சொன்ன பேச்சு கேக்காது. பியானிஸ்ட் ஆகணும்கிற கனவு அங்கேயே நின்னு போச்சு, மியூசிக் எழுதறதும் ஏறக்குறைய நின்னுடுச்சு.

சம்பளத்துக்காக சான் ஃபிரான்சிஸ்கோ போயி, 1994 வாக்குல சான் ஃபிரான்சிஸ்கோ ஓபராவோட பி.ஆர். ஆபீஸ்ல வேலைக்கு சேர்ந்தாரு, பிரஸ் ரிலீஸ் எழுதற வேலை. இதை எல்லாரும் ஒரு சுவாரசியமான துணுக்கா சொல்லிட்டுப் போயிடுவாங்க, ஆனா என் கணக்குப்படி இவர் கேரியருக்கு எந்த மியூசிக் காலேஜும் குடுக்காத ட்ரெயினிங் இதுதான். எந்தப் பாடகி எந்த ஸ்வரத்துல சிரமப்படறாங்க, எந்த ஷோவுக்கு டிக்கெட் போகுது, ரிகர்சல்ல எங்க நேரம் வீணாகுதுன்னு தினமும் உள்ள இருந்து பாக்கற வேலை அது.

அங்கதான் ஃப்ரெடெரிகா வான் ஸ்டாடெவை சந்திச்சாரு. அப்போ உலகத்துலயே பெரிய மெஸ்ஸோ சொப்ரானோக்கள்ல (நடுத்தர ஸ்தாயில பாடற பாடகிகள்) ஒருத்தர். நாட்டுப்புறப் பாட்டுகளுக்கு தான் பண்ணின இசையமைப்பு சிலதை ஹெகி அவங்ககிட்ட குடுத்தாரு, அவங்களுக்கு புடிச்சுப்போயி கச்சேரில பாட ஆரம்பிச்சாங்க, மத்த பாடகிகளுக்கும் சொல்லி விட்டாங்க. 1995ல ஒரு பாட்டுப் போட்டில எமிலி டிக்கின்சன் கவிதைக்கு இவர் போட்ட பாட்டு ஜெயிச்சுது. கொஞ்ச நாள்ல கம்பெனியோட ஜெனரல் டைரக்டர் லாட்ஃபி மன்சூரி, தன் ஆபீஸ்ல பிரஸ் ரிலீஸ் எழுதிட்டிருந்த ஆளையே கூப்பிட்டு ஓபரா கமிஷன் குடுத்துட்டாரு. அதுவரைக்கும் ஹெகி ஒரு முழு ஓபரா எழுதினதே இல்ல!

'டெட் மேன் வாக்கிங்' எப்படி கட்டப்பட்டிருக்கு

லிப்ரெட்டோ எழுத வந்தவர் டெரன்ஸ் மெக்நாலி, பிராட்வே (நியூயார்க்கோட பெரிய நாடக வட்டாரம்) நாடக ஆசிரியர், பெரிய பேர். இந்தக் கதையை எடுக்கலாம்னு சொன்னதே அவர்தான். சிஸ்டர் ஹெலன் ப்ரெஜான்னு லூயிசியானாவுல ஒரு கன்னியாஸ்திரி, மரண தண்டனை கைதிகளுக்கு ஆன்மிகத் துணையா போனவங்க, அந்த அனுபவத்தை 1993ல புத்தகமா எழுதினாங்க, 1995ல சினிமாவா வந்துச்சு. புத்தகத்துல நிஜக் கைதிகள் ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் 1984ல தண்டனை நிறைவேறுச்சு. ஓபரால வர்ற ஜோசஃப் டி ரோஷர் கற்பனைப் பாத்திரம். நிஜத்துல மின்சார நாற்காலி, ஓபரால விஷ ஊசி. சினிமாவை அப்படியே மியூசிக் போட்டு எடுத்துட்டாங்கன்னு சொல்றவங்க இருக்காங்க, அது சரியில்ல. அமைப்பே வேற.

மூணு இடத்தைப் பார்த்தா போதும்.

1. தொடக்கம். ராத்திரி, ஏரிக்கரை, ஒரு டீன் ஏஜ் ஜோடி, கார் ரேடியோல பாட்டு ஓடிட்டிருக்கு. டி ரோஷரும் அவன் சகோதரனும் வந்து அந்தப் பொண்ணை பலாத்காரம் பண்ணி ரெண்டு பேரையும் கொன்னுடறாங்க, இது எல்லாம் நம்ம கண்ணு முன்னாடியே நடக்குது. அதனால "இவன் பண்ணானா இல்லையா"ங்கற சஸ்பென்ஸே கிடையாது. அவன் குற்றவாளின்னு நமக்குத் தெரியும், அவன்தான் ஒத்துக்க மாட்டேங்கறான். மீதி ரெண்டரை மணி நேரமும் அவன் ஒத்துக்குவானா, ஒத்துக்கிட்டா மன்னிக்க முடியுமா, அவ்வளவுதான் கேள்வி. அப்பாவி தூக்குல தொங்கறான்னு காட்டி மரண தண்டனைக்கு எதிரா அழ வைக்கறது ஈஸி, இவங்க அந்த ஈஸி வழியை மொத சீன்லயே மூடிட்டாங்க.

2. கருணை மனு விசாரணை. செத்துப்போன ரெண்டு பிள்ளைங்களோட அப்பா அம்மாங்க நாலு பேர், கைதியோட அம்மா, சிஸ்டர் ஹெலன், ஆறு பேரும் ஒரே நேரத்துல பாடறாங்க. நாடகத்துலயோ சினிமாவுலயோ ஆறு பேரு ஒண்ணா பேசினா சந்தைக்கடை மாதிரி ஆயிடும், ஒண்ணும் காதுல விழாது. ஓபரால ஒவ்வொருத்தர் வலியும் தனித்தனி ராகமா, ஆனா ஒரே தாளத்துக்குள்ள ஓடறதால யார் பக்கமும் சாய முடியாம பாக்கறவன் மாட்டிக்கறான். இந்தக் கதைய ஏன் ஓபராவா எடுக்கணும்னு கேட்டா இந்த ஒரு சீன்தான் பதில்.

3. தண்டனை நிறைவேறுற நேரம். ஆர்கெஸ்ட்ரா நின்னுடும். மெஷின் சத்தம் மட்டும் கேக்கும். மூவாயிரம் பேர் உக்காந்திருக்கற ஹால்ல, ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்காம ஓடின மியூசிக் அந்த இடத்துல இல்லாமப் போறது எந்தக் கிளைமாக்ஸ் டிரம்ஸைவிடவும் பயங்கரம். 2023ல மெட்ல இதை இயக்கின இவோ வான் ஹோவ, ஊசி குத்தறதை லைவ் கேமரால பெரிசா காட்டினாரு. கண்ணுக்கு அத்தனை பெரிசா காட்டினது அந்த நிசப்தத்தோட பலத்தைக் கொஞ்சம் குறைச்சுதுன்னுதான் எனக்குத் தோணுது, வேற மாதிரி நினைக்கறவங்களும் உண்டு.

வேர்ல்டு பிரீமியர் 2000 அக்டோபர் 7, சான் ஃபிரான்சிஸ்கோ வார் மெமோரியல் ஓபரா ஹவுஸ். கண்டக்டர் பேட்ரிக் சம்மர்ஸ், சிஸ்டர் ஹெலன் வேஷத்துல சூசன் கிரஹாம், கைதியா ஜான் பேக்கர்ட், கைதியோட அம்மாவா வான் ஸ்டாடெ.

ஏன் இது திரும்பத் திரும்ப மேடையேறுச்சு

மெட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இந்த ஓபராவுக்கு உலகம் முழுக்க 70க்கு மேல புரொடக்‌ஷன் வந்துடுச்சு. அடிலெய்ட், டிரெஸ்டன், வியன்னா, மாட்ரிட் எல்லாம் போயாச்சு. கதை நல்லா இருக்குங்கறது மட்டும் காரணம் இல்ல, நல்ல கதை உள்ள ஓபராக்கள் எத்தனையோ தூங்கிட்டிருக்கு. காரணங்களை ஒவ்வொண்ணா பாப்போம்.

1. மெஸ்ஸோவுக்கு ஹீரோயின் வேஷம். மெஸ்ஸோ சொப்ரானோன்னா பெண் குரல்ல நடுத்தர ஸ்தாயி. பழைய ஓபராக்கள்ல ஹீரோயின் பெரும்பாலும் உச்ச ஸ்தாயி சொப்ரானோதான், மெஸ்ஸோவுக்கு அம்மா, சூனியக்காரி, வேலைக்காரி, இல்லன்னா ஆம்பளப் பையன் வேஷம், 'கார்மென்' மாதிரி விதிவிலக்கு கொஞ்சம்தான். ஹெகி தன்னோட முக்கிய வேஷங்களை மெஸ்ஸோவுக்கு எழுதினாரு. விளைவு என்னன்னா ஸ்டார் மெஸ்ஸோக்களே கம்பெனிகள்கிட்ட போயி "இதைப் போடுங்க, நான் பாடறேன்"னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஜாய்ஸ் டிடொனாட்டோ 2002ல நியூயார்க் சிட்டி ஓபராவுல சிஸ்டர் ஹெலன் பாடினாங்க, 2011ல ஹூஸ்டன்ல, 2018ல மாட்ரிட்ல, கடைசியா 2023ல மெட்ல. கம்போசருக்கு ஏஜென்ட் யாருன்னு கேட்டா பாடகிகள்தான்.

2. வேஷம் வயசோட சேர்ந்து வளருது. 2000ல அம்மாவா பாடின வான் ஸ்டாடெ, 2011 ஹூஸ்டன்ல ஓபரா மேடைக்கு விடை சொல்றதா அறிவிச்சுப் பாடினதும் அதே அம்மா வேஷம்தான். 2000ல கன்னியாஸ்திரியா பாடின சூசன் கிரஹாம் 2023 மெட்ல அம்மா. பாடகிகளுக்கு அம்பது வயசுக்கு மேல நல்ல வேஷம் கிடைக்கறதே அபூர்வம், இந்த ஓபராவை ஒருத்தர் முப்பது வருஷம் கூடவே வெச்சுக்கலாம்.

3. குரல் கேக்கற மாதிரி எழுதறது. ஓபரால மைக் கிடையாது. மெட்ல கிட்டத்தட்ட 3,800 சீட், கீழ பெரிய ஆர்கெஸ்ட்ரா, அதைத் தாண்டி கடைசி வரிசைக்கு குரல் போகணும். இது நடக்கறதுக்கு காரணம், பயிற்சி உள்ள குரல்ல 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல சக்தி குவியும், ஆர்கெஸ்ட்ராவோட பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கம், மேல போகப் போக அது குறைஞ்சுடும், அந்த இடைவெளில குரல் வெளிய வந்துடும். ஆனா பாடற வரி வசதியில்லாத ஸ்தாயில இருந்தாலோ பித்தளை வாத்தியம் எல்லாம் அதே நேரத்துல முழங்கினாலோ இந்த விஞ்ஞானம் எதுவும் காப்பாத்தாது. கிட்டத்தட்ட 300 தனிப்பாட்டு எழுதின ஆளுங்கறதால ஹெகிக்கு இது கை வந்த விஷயம், வார்த்தை புரியற மாதிரி எழுதுவாரு.

4. ரெண்டாவது புரொடக்‌ஷனை கூட்டா பண்ணினது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அப்புறம் ஏழு அமெரிக்க கம்பெனிகள் சேர்ந்து லெனர்ட் ஃபோலியா இயக்கத்துல ஒரு புரொடக்‌ஷன் பண்ணி ஊர் ஊரா கொண்டு போனாங்க. செட், உடை செலவு எல்லாம் பங்கு பிரிஞ்சுடுச்சு. முன்னாடி சொன்ன "ரெண்டாவது தடவை" ஆபத்தை இது தாண்டினது இப்படித்தான்.

5. நோட்டேஷன் உரிமை. ஓபரா போடணும்னா கம்பெனி அந்த நோட்டேஷனை (மியூசிக்கை எழுதி வெச்ச தாள்) வாடகைக்கு எடுக்கணும், ஒவ்வொரு ஷோவுக்கும் கட்டணம் உண்டு. ஹெகி தன்னோட படைப்புகளை பென்ட் பென் மியூசிக்ங்கற சொந்தப் பேர்லயே வெளியிடறாரு. கமிஷன் காசு ஒரு தடவைதான் வரும், இது திரும்பத் திரும்ப வரும்.

சின்ன ஓபரா, பெரிய ஓபரா

2008ல ஹூஸ்டன்ல வந்த 'த்ரீ டிசம்பர்ஸ்' இதே யோசனையோட சின்ன வடிவம். மூணே பாடகர்கள், 11 வாத்தியக்காரங்க, ஒன்றரை மணி நேரம், லிப்ரெட்டோ ஜீன் ஷியர். முக்கிய வேஷம் வான் ஸ்டாடெவுக்காக எழுதினது. சின்ன ஊர் கம்பெனி, யுனிவர்சிட்டி யாரு வேணாலும் போடலாம். 2020ல கோவிட்ல ஹால் எல்லாம் மூடிக் கிடந்தப்ப ஓபரா சான் ஹோசே இதை சூசன் கிரஹாமை வெச்சு வீடியோவா எடுத்து வெளியிட்டாங்க, மூணு பேருங்கறதால முடிஞ்சுது.

'மோபி-டிக்' இதுக்கு நேர் எதிர், ராட்சச சைஸ். இதுல ரெண்டாவது புரொடக்‌ஷன் பிரச்சனையே வராம ஆரம்பத்துலயே வழி பண்ணிட்டாங்க. டல்லாஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, சான் டியாகோ, கனடாவுல கால்கரி, ஆஸ்திரேலியாவுல சவுத் ஆஸ்திரேலியா ஸ்டேட் ஓபரான்னு அஞ்சு கம்பெனி சேர்ந்து கமிஷன் பண்ணாங்க. 2010 ஏப்ரல் 30 டல்லாஸ்ல முதல் ஷோ நடக்கறப்பவே இன்னும் நாலு ஊர் கியாரண்டி. திமிங்கல வேட்டைக் கப்பலைப் பத்தின ஹெர்மன் மெல்வில்லோட தடிமனான நாவல்தான் இது, அதை லிப்ரெட்டோவா எழுதின ஷியர் தைரியமா வெட்டினாரு, கரைல நடக்கறதெல்லாம் போச்சு, கதை முழுக்க கப்பல்லதான். நாவலோட புகழ்பெத்த முதல் வாக்கியம் ("என்னை இஷ்மேல்னு கூப்பிடுங்க") ஓபரால கடைசில வருது, அதுவரைக்கும் நாவல்ல கதை சொல்ற அந்தப் பையனுக்குப் பேரே இல்ல. கப்பல் கேப்டன் ஆகாப் வேஷத்துல முதல்ல பாடினது பென் ஹெப்னர்.

அப்போ மெட் ஏன் இவ்வளவு லேட்

மெட்டோட பழக்கத்தைப் பார்த்தா ஆச்சரியமே வராது. 1967க்கு அப்புறம் மெட் கமிஷன் பண்ணின ஒரு ஓபரா மேடையேறுனது 1991லதான், 24 வருஷம் இடைவெளி. அதுக்கப்புறம் 1992, 1999, 2005, 2006னு அங்கொண்ணும் இங்கொண்ணுமா. அந்த ஓபராக்கள்ல எதுவும் 'டெட் மேன் வாக்கிங்' அளவுக்கு ஊர் சுத்தல. அதாவது மெட்ல பிறந்தா நீண்ட ஆயுசுன்னு நினைக்கறது தப்பு, ஹூஸ்டன், டல்லாஸ், சான் ஃபிரான்சிஸ்கோ மாதிரி ஊர்கள்தான் அமெரிக்க ஓபராவை நிஜமா வளர்த்துச்சு.

மாத்தினது பணக் கஷ்டம். கோவிட்டுக்கு அப்புறம் மெட்டுக்கு பழைய கூட்டம் திரும்ப வரல. 2022 டிசம்பர்ல ஜெனரல் மேனேஜர் பீட்டர் கெல்ப், சேமிப்பு நிதிலேர்ந்து 3 கோடி டாலர் வரைக்கும் எடுக்கப் போறோம், ஷோ எண்ணிக்கையைக் குறைக்கறோம், அதே நேரத்துல சமகால ஓபராக்களை அதிகமாக்கறோம்னு அறிவிச்சாரு. 2021ல டெரன்ஸ் பிளான்சர்டோட ஓபராவுக்கு (மெட் சரித்திரத்துலயே கறுப்பினக் கம்போசரோட முதல் ஓபரா) நல்ல கூட்டம் வந்தது அதுக்கு ஒரு தைரியம். புதுசு போடணும், ஆனா ரிஸ்க் கூடாதுன்னா என்ன பண்ணுவாங்க? ஏற்கனவே எழுபது இடத்துல ஜெயிச்ச "புதுசு" ஒண்ணை எடுப்பாங்க. டிடொனாட்டோவும் கூட வர்றாங்கன்னா கேக்கவே வேணாம். அந்த செப்டம்பர்லயே நியூயார்க் சிங் சிங் ஜெயில்ல, அங்க தண்டனை அனுபவிக்கறவங்க கோரஸ் பாட, டிடொனாட்டோ இந்த ஓபராவைப் பாடினாங்க. மெட் இருக்கற லிங்கன் சென்டர்ல நடந்ததைவிட அது முக்கியமான நிகழ்ச்சின்னு சொல்வேன்.

குறையே இல்லையா

இருக்கு. விமர்சகர்கள் ஆரம்பத்துலேர்ந்து சொல்றது, ஹெகி மியூசிக் ரொம்ப பாதுகாப்பானது, இனிமையான மெட்டு, பிராட்வே வாசனை, சில இடத்துல சினிமா பின்னணி இசை மாதிரி ஒழுகுதுன்னு. இதுல பாதி உண்மை. 'டெட் மேன் வாக்கிங்'ல கேட்ட உடனே மனசுல ஒட்டற ஒரு பக்திப் பாட்டு கதைக்கு அச்சாணி, சிஸ்டர் ஹெலன் அதோடதான் வருவாங்க, கடைசிலயும் அதுதான் மிச்சம். ஆனா எல்லாக் கதைக்கும் அந்த இனிமை பொருந்தல. 2004ல வந்த 'தி எண்ட் ஆஃப் தி அஃபேர்', 2015ல மெக்நாலியோட சேர்ந்து பண்ணின 'கிரேட் ஸ்காட்' எல்லாம் இந்த அளவுக்குப் பரவல. இன்னொண்ணு, புகழ்பெத்த நாவல், சினிமா தலைப்பா பார்த்து எடுக்கற பழக்கம். டிக்கெட் விக்கறதுக்கு அது உதவும், அமெரிக்க ஓபரா முழுக்கவே இந்த நோய் இருக்கு.

தெரிஞ்ச தலைப்பை விட்டு வந்தப்பதான் சில சமயம் இவர் கூர்மையா இருக்காரு. ஜோஷுவா ஹாப்கின்ஸ்னு ஒரு பாரிட்டோன் (நடுத்தர ஸ்தாயில பாடற ஆண் பாடகர்), அவரோட சகோதரியை 2015ல முன்னாள் துணைவன் கொன்னுட்டான். மார்கரெட் அட்வுட் எட்டு கவிதை எழுதிக் குடுக்க, ஹெகி மியூசிக் போட, 2021ல 'சாங்ஸ் ஃபார் மர்டர்ட் சிஸ்டர்ஸ்' படமா வந்துச்சு, பாடினது அதே ஹாப்கின்ஸ். சின்ன படைப்பு, அலங்காரம் கம்மி, இவரோட பெரிய ஓபராக்கள் சிலதைவிட ஆழமா குத்தும். மெட் ஷோ ஓடிட்டிருந்த அதே 2023 அக்டோபர்ல ஹூஸ்டன்ல 'இன்டெலிஜென்ஸ்' வேர்ல்டு பிரீமியர் ஆச்சு, அமெரிக்க உள்நாட்டுப் போர்ல உளவு பார்த்த ரெண்டு பெண்களோட கதை, ஒருத்தர் அடிமையா பிறந்தவர். மெட் பழைய ஓபராவைப் புதுசுன்னு போட்டுட்டிருந்த வாரத்துல அவரோட நிஜமான புது ஓபரா வழக்கம்போல ஹூஸ்டன்லதான் பிறந்துச்சு.

கேக்கணும்னு தோணினா 'டெட் மேன் வாக்கிங்'குக்கு ரெண்டு ரெக்கார்டிங் இருக்கு, ஒண்ணு 2000 சான் ஃபிரான்சிஸ்கோ லைவ், இன்னொண்ணு 2011 ஹூஸ்டன்ல டிடொனாட்டோ பாடினது. ரெண்டாவது ஒலி தெளிவு, மொதல்ல இருக்கற பதட்டம் அதுல இல்ல. வீடியோவா பாக்கறதா இருந்தா மொத பத்து நிமிஷம் ரொம்ப கொடூரம், குழந்தைங்க பக்கத்துல இல்லாதப்ப போடுங்க.